மாட்டுங்காச் சங்கமும் தாராவிக் கொடையும்

பம்பாயில் சாராயம் விற்கிறவளை ஆண்ட்டி என்று அழைக்கிறார்கள். அத்தை, சித்தி மாதிரி ஓர் உறவுச் சொல். வந்த புதிதில் எனக்கு இது பிடிபடவே இல்லை. மதுவிலக்கு நம் திருநெல்வேலிச் சீமையிலும் உண்டுதான். அங்கே காய்ச்சுகிறவன் பனங்காட்டுக்குள் பதுங்கிக் காய்ச்சுவான், குடிக்கிறவன் துண்டால் முகத்தை மறைத்துக்கொண்டு போவான். இங்கே தாராவியில் எங்கள் வீட்டுக்கு நாலு வீடு தள்ளி ஆண்ட்டியின் வீடு. கோவாக்காரி. முன்னறையில் மாதா படம், அதற்கு முன்னால் ஒரு சின்ன விளக்கு. பின்னறையில் இரண்டு பெஞ்சு, ஒரு தட்டில் அவித்த முட்டை, உப்பு. குடிக்க வருகிறவர்கள் வாசலில் செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு, "குட் ஈவினிங் ஆண்ட்டி" என்று சொல்லி உள்ளே போவார்கள். பள்ளிக்கூடத்துக்குப் போகிற மரியாதை. எங்கள் வீட்டுக்காரரும் அப்படித்தான் போனார்.

காலையில் அதே ஆண்ட்டியோடுதான் நான் குழாயடியில் நிற்பேன். முறுக்குச் சுட்டு மாட்டுங்காக் கடைகளுக்குக் கொண்டுபோய்ப் போடுவது என் தொழில். மாவைப் பிசைந்து வைத்துவிட்டு நான் வருவதற்குள் வரிசை தெருமுனை வரை போயிருக்கும். ஆண்ட்டி தன் குடத்துக்குப் பின்னால் எனக்கும் ஒரு குடம் வைத்து இடம் பிடித்திருப்பாள். என் புருஷனைக் கெடுக்கிறவளும் அவள்தான், எனக்குத் தண்ணீர் கிடைக்கச் செய்கிறவளும் அவள்தான். ஊரில் என்றால் இப்படி ஒருத்தியோடு ஜென்மத்துக்கும் பேச்சு இருக்காது. பம்பாயில் அப்படியெல்லாம் வைராக்கியம் பார்த்தால் தாகத்துக்குத் தண்ணீர் கிடைக்காது.

அவர் பெயரை நான் வாயால் சொல்வதில்லை. எழுதினால் தோஷமில்லை என்று நானே தீர்ப்பு வழங்கிக்கொண்டு எழுதுகிறேன்: சுடலைமுத்து. டிராம்பே பக்கம் எண்ணெய்க் கம்பெனிகளில் காண்ட்ராக்டர் ஒருவரிடம் வெல்டர் வேலை. குடித்துவிட்டு அடிக்கிற ரகம் இல்லை அவர். குடித்துவிட்டு மன்னிப்புக் கேட்கிற ரகம். வாசலில் உட்கார்ந்து என்னிடம், பக்கத்து வீட்டு மராத்திக்காரியிடம், அவள் கட்டிப் போட்டிருக்கும் ஆட்டிடம் என்று வரிசையாக மன்னிப்புக் கேட்பார். பார்த்தால் சிரிப்பு வரும். காலையில் தம்ளரைப் பிடிக்க முடியாமல் அந்தக் கை ஆடும்போது சிரிப்பு வராது. போன மழைக்காலத்தில் ஒரு நாள் ரத்தமாகக் கக்கினார். சயான் ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். பிழைத்து எழுந்தார். வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, இனி குடித்தால் இந்த ஆளைக் காப்பாற்ற முடியாது என்று சொன்னார். ஹிந்தியில்தான் சொன்னார். எனக்குத் தெரிந்த ஹிந்தி காய்கறிக் கடை ஹிந்தி. அன்றைக்கு மட்டும் ஒரு சொல் விடாமல் புரிந்தது.

நம் பக்கத்தில் குடியை விடுவதற்கு ஒரே வழிதான் உண்டு. சாமிக்கு முன்னால் சூடத்தைக் கொளுத்தி, எரிகிற சூடத்தைக் கையால் அடித்து அணைத்துச் சத்தியம் செய்ய வேண்டும். அவர் சத்தியம் செய்யாத சாமி இல்லை. தாராவிப் பிள்ளையார், மாட்டுங்காவில் உள்ள அத்தனை கோவில், என் தலை, மகள் தலை. எல்லாச் சத்தியமும் அடுத்த சம்பள நாள் வரை உயிரோடு இருக்கும். பிறகு சத்தியத்தை மீறிவிட்டோமே என்ற பயம் வரும். அந்தப் பயம் தெளிவதற்கு மறுபடியும் ஆண்ட்டி வீடு. சூடம் வாங்கியே நான் களைத்துப் போனேன்.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்த மறுநாள், குழாயடியில் ஆண்ட்டி அவரைப் பற்றி விசாரித்தாள். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். அவள் குடத்தை நகர்த்திவிட்டு என் பக்கத்தில் வந்து, மாட்டுங்காவில் சர்ச்சுக்குப் பின்னால் இருக்கிற பள்ளிக்கூடத்தில் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஒரு மீட்டிங் நடக்கிறது, தாருவை, அதாவது சாராயத்தை, விட்டவர்கள் கூடுகிற இடம், அங்கே கூட்டிக்கொண்டு போ என்றாள். முறுக்குக் கூடையோடு தினம் நான் அந்தப் பள்ளிக்கூடத்தைத் தாண்டித்தான் போகிறேன். உனக்கு எப்படித் தெரியும் என்று கேட்டேன்.

"என் கிராக்கி எவனாவது திடீர்னு வராமல் போனால், ஒன்று செத்திருப்பான், இல்லையென்றால் அங்கே போயிருப்பான்" என்றாள். அவளுடைய ஹிந்தியை நான் தமிழில் எழுதுகிறேன்.

"உனக்கு நஷ்டம் இல்லையா?"

"எனக்குக் கிராக்கி எத்தனையோ பேர். உனக்கு ஆள் ஒன்றுதானே."

சொல்லிவிட்டுக் குடத்தைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள். அன்றைக்கு முழுவதும் முறுக்குப் பிழியும்போது அவள் சொன்னதே காதில் கேட்டுக்கொண்டிருந்தது.

நீ வந்தால்தான் வருவேன் என்றார் அவர். நானும் போனேன். சங்கம் என்றால் நமக்குத் தெரிந்தது ஊர்ச் சங்கம். ஒரு தலைவர், ஒரு பொருளாளர், இருவருக்கும் ஓயாத சண்டை. குடியை விடுவதற்கென்று ஒரு சங்கம் இருந்தால் அங்கே சத்தியம் வாங்குவார்கள் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. வெறுங்கையோடு போகலாமா? தாம்பாளத்தில் வெற்றிலை பாக்கு, தேங்காய், பழம், கட்டியாக நல்ல சூடம் எல்லாம் எடுத்து வைத்து, முந்தானையால் மூடிக்கொண்டு போனேன்.

பிள்ளைகள் உட்காரும் சின்னப் பெஞ்சுகளில் பெரிய ஆண்கள் முழங்காலை மடக்கி உட்கார்ந்திருந்தார்கள். கோவாக்காரர்கள்தான் அதிகம். ஒரு பார்ஸிக்காரர், ஒரு சிந்திக்காரர், சட்டைக்காரர்கள் என்று ஊரில் நாம் சொல்கிற ஆங்கிலோ இந்தியர் சிலர். மூலையில் பெரிய கெட்டிலில் சாயா. இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையில் வயதான ஒருவர் எழுந்தார். ரயிலில் கார்டாக வேலை பார்த்து ரிட்டயர் ஆனவர். "என் பெயர் அகஸ்டின். நான் ஒரு குடிகாரன்" என்று இங்கிலீஷிலும் ஹிந்தியிலும் சொன்னார். உடனே எல்லோரும் சேர்ந்து அவருக்கு வணக்கம் சொன்னார்கள்.

எங்கள் வீட்டுக்காரர் என் காதோடு சொன்னார்: "ஏட்டி, இந்த மனுசன் சாயாவக் குடிச்சிட்டு இப்படிப் பேசுதாரே."

இன்னும் நாலைந்து பேர் அதே மாதிரி எழுந்து சொன்னார்கள். சாமி படத்தைக் காணவில்லை, சத்தியத்தையும் காணவில்லை. நேரமாகிறதே என்று நானே எழுந்து போய், மேஜைமேல் தாம்பாளத்தை வைத்து, வெற்றிலைமேல் சூடத்தை வைத்துத் தீக்குச்சியை உரசினேன். பிரார்த்தனை என்று நினைத்து அத்தனை பேரும் எழுந்து நின்றார்கள். ஒருவர் நெஞ்சில் சிலுவை போட்டுக்கொண்டார். அகஸ்டின் பக்கத்தில் வந்து, என்ன பாய் இது என்று கேட்டார். இங்கே பெண்களைப் பாய் என்பது மரியாதை.

"கஸம்" என்றேன். சத்தியத்துக்கு எனக்குத் தெரிந்த ஹிந்தி அது ஒன்றுதான்.

அவர் தீக்குச்சியை மெல்ல என் கையிலிருந்து வாங்கி ஊதி அணைத்தார். ஹிந்தியில் சத்தியத்தைச் செய்வதில்லை, தின்கிறார்கள். "நாங்கள் எல்லோரும் கஸம் தின்று தின்று வயிறு கெட்டுத்தான் இங்கே வந்து சேர்ந்திருக்கிறோம், பாய். இங்கே அது வேண்டாம். இன்றைக்கு ஒரு நாள் குடிக்காமல் இருந்தால் போதும்" என்றார்.

"நாளைக்கு?"

"நாளைக்கு நாளைக்குப் பார்ப்போம்."

எனக்கு வந்த கோபத்தைச் சொல்லி முடியாது. ஆயுசுக்கும் தொட மாட்டேன் என்று சத்தியம் செய்தவரே தொட்டுவிடுகிறார், இன்றைக்கு மட்டும் தொட வேண்டாம் என்கிறவர்களை நம்பி என்ன செய்வது? அவர்கள் என்னவோ தேங்காயை உடைத்துக் கீறிச் சாயாவோடு ஆளுக்கொரு துண்டு தின்றுவிட்டார்கள். திரும்பி நடக்கும்போது நான் பொரிந்து தள்ளிக்கொண்டே வந்தேன். அவர் தாம்பாளத்தை அக்குளில் இடுக்கிக்கொண்டு நடந்தார். தாராவி வந்த பிறகு சொன்னார்:

"ஏட்டி, ஆயுசுக்கும்னு சொன்னா நெஞ்ச அடைக்கி. சொன்ன ஒடனே ஒரு வாய் ஊத்தணும்போல இருக்கு. இன்னைக்குன்னா முடியும்போலத் தெரியுது. இன்னைக்குதான் முக்காவாசி போயிட்டே."

அந்த முக்கால்வாசி போன நாளிலிருந்து அவர் குடிக்கவில்லை.

ஒவ்வொரு ஞாயிறும் போனோம். நான் கெட்டில் பக்கத்துப் பெஞ்சில் உட்கார்ந்துகொள்வேன். நம் ஆட்கள் இரண்டு பேர் எந்த ஊரில் சந்தித்தாலும் முதல் கேள்வி எந்த ஊரு, அடுத்தது யாரு மவன், மூன்றாவது கேள்வியை வாய்விட்டுக் கேட்காமல் சுற்றி வளைத்துத் தெரிந்துகொள்வார்கள். அந்த அறையில் யாரும் யாரையும் எதுவும் கேட்கவில்லை. தகப்பன் பெயர்கூட வேண்டாம், சொந்தப் பெயர் போதும். முதலில் எனக்கு அது மொட்டையாக இருந்தது. போகப் போக அதில் ஒரு காற்றோட்டம் இருப்பது தெரிந்தது. அகஸ்டினை நான் அண்ணாச்சி என்று கூப்பிட ஆரம்பித்தேன். அதற்கு என்ன அர்த்தம் என்று கேட்டுத் தெரிந்துகொண்டு, தன் மனைவியிடம் போய்ப் பெருமையாகச் சொன்னாராம்.

எங்கள் வீட்டுக்காரர் மட்டும் எழுந்து பேசவே இல்லை. இங்கிலீஷ் தெரியாது. அவருடைய ஹிந்தி வெல்டிங் ராடு கேட்கவும் பஸ் ஏறவும் போதும், மனசைச் சொல்லப் போதாது. ஒரு நாள் அகஸ்டின் அண்ணாச்சி, உன் பாஷையிலேயே பேசு, நாங்கள் கேட்கிறோம் என்றார். புரியாதே என்றேன் நான். புரிந்துதான் கேட்க வேண்டும் என்று யார் சொன்னது என்றார் அவர்.

எழுந்தார். பெஞ்சைப் பிடித்துக்கொண்டார்.

"எம் பேரு சுடலமுத்து. நான் குடிகாரன்" என்று ஆரம்பித்தார். "எங்க அய்யா சாகக் கெடக்காருன்னு தந்தி வந்துச்சு. தாதர் டேசனுக்குப் போனேன். வண்டிக்கு நேரம் கெடந்துச்சு. ஒரே ஒரு கிளாசுன்னு வெளிய போனேன். வண்டி போயிட்டு. மறுநா வண்டியிலதான் போனேன். அய்யா உசிரு போற வரைக்கும் வாசலயே பாத்துக்கிட்டுக் கெடந்தாராம். மூத்தவன் வந்துட்டானா, மூத்தவன் வந்துட்டானான்னு கேட்டாராம். நான் போயி எறங்கும்போது தம்பி கொள்ளி வச்சிட்டு வந்து குளிச்சிட்டு நிக்கான். வண்டி லேட்டுன்னு எல்லாத்துட்டயும் சொல்லிட்டேன். எம் பொண்டாட்டிட்டயும் அப்படித்தான் சொன்னேன். அவ இன்னைக்கு வரைக்கும் ரயில்காரன ஏசிக்கிட்டிருக்கா."

அறையில் ஒருவருக்கும் ஒரு சொல்கூடப் புரியவில்லை, ஒருவர்கூட அந்தண்டை இந்தண்டை திரும்பவில்லை. காலமெல்லாம் ரயிலில் வேலை பார்த்த அகஸ்டின் அண்ணாச்சி, ரயில்மேல் போட்ட பழியையும் சேர்த்துத் தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டிருந்தார். புரிந்தது எனக்கு ஒருத்திக்குத்தான். மகள் வயிற்றில் இருந்ததால் அந்தச் சாவுக்கு நான் போகவில்லை. வண்டி லேட்டானால் என் புருஷன் என்ன செய்வார் என்று கொழுந்தன் பெண்டாட்டியோடு சண்டை போட்டுப் பேச்சையே நிறுத்தியவள் நான். எனக்கு ஆத்திரம் வந்தது. ஆத்திரத்தைவிட அதிகமாக அந்த மனுஷன்மேல் பிரியம் வந்தது. இத்தனை வருஷம் இதை வயிற்றுக்குள் வைத்துக்கொண்டு யாரிடமும் சொல்ல முடியாமல்தான் ஆட்டிடம்கூட மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருந்தாரா என்று நினைத்தேன்.

வரும் வழியில் கேட்டார்: "கேட்டியா?"

"கேட்டேன்."

"ஏசு."

"இன்னைக்கு ஏசல. நாளைக்கு நாளைக்குப் பாப்போம்" என்றேன். ரொம்ப நாளைக்குப் பிறகு அவர் சிரித்ததைப் பார்த்தேன்.

இத்தோடு முடிந்திருந்தால் இதை எழுதியிருக்க மாட்டேன். கொடை வந்தது.

ஊர்ச் சுடலைமாடன் கோவிலிலிருந்து பிடிமண் எடுத்து வந்து தாராவியில் நம் ஆட்கள் ஒரு சின்ன பீடம் கட்டியிருக்கிறார்கள். வருஷத்துக்கு ஒரு கொடை, சாமிக்கு எடுக்கிற திருவிழா. ஊரில் நடுச்சாமத்தில் நடப்பதை இங்கே போலீஸுக்குப் பயந்தும் கம்பெனி லீவை உத்தேசித்தும் ஞாயிற்றுக்கிழமை பகலிலேயே வைத்துக்கொள்வார்கள். சாமிக்கும் இங்கே சண்டேதான் ஓய்வு. அந்தச் சாமி இறங்கி ஆடுவது எங்கள் வீட்டுக்காரர்மேல். ஊரில் அவருடைய அய்யாதான் கோமரத்தாடி. அய்யா போன பிறகு மூத்த மகன்மேல் சாமி வந்தது. சாமி வந்தால் கிடா ரத்தமும் சுருட்டும் கேட்கும். சாராயம் கேட்கும். பாட்டிலை அண்ணாந்து ஊற்றிக்கொள்ளும். மதுவிலக்கு உள்ள பம்பாயில் சாமிக்கு உண்டான பாட்டில் பேப்பரில் சுற்றி ஆண்ட்டி வீட்டிலிருந்துதான் வரும்.

ஊர்ச் சங்கத் தலைவர் வேலாயுதம் அண்ணாச்சி, பலசரக்குக் கடை வைத்திருப்பவர், கொடைக்கு நாள் குறித்துவிட்டு வந்து உட்கார்ந்தார். இந்த வருஷம் என்னால் ஆட முடியாது என்று இவர் சொன்னதும் அவருக்கு முகம் மாறிவிட்டது.

"என்னடே பேசுத? நீயா குடிக்க? சாமில்லா குடிக்கி."

"சாமி குடிச்சிட்டு மலையேறிருது அண்ணாச்சி. மறுநா ஆஸ்பத்திரில கெடக்கது நாந்தான."

"எளநி வச்சுப் பாப்பமா?"

"சாமிய ஏமாத்தச் சொல்லுதியளா?"

அண்ணாச்சி கோபமாகத்தான் எழுந்து போனார். எனக்கு இரண்டு பக்கமும் பயம். குடித்தால் ஆள் இல்லை. குடிக்க மறுத்தால் சுடலைக்குக் கோபம், வீட்டில் பெண் குழந்தை இருக்கிறது. அந்த ஞாயிறு அகஸ்டின் அண்ணாச்சியிடம் என் ஓட்டை ஹிந்தியில் எல்லாவற்றையும் சொன்னேன். உங்கள் கோவிலிலும் ஒயின் உண்டாமே, நீங்கள் என்ன செய்கிறீர்கள் என்று கேட்டேன்.

"பாதர் குடிப்பார். நான் முழங்காலில் நின்று பார்த்துக்கொண்டிருப்பேன்" என்றார். பிறகு இவர் பக்கம் திரும்பி, "கொடைக்கு நானும் வரட்டுமா?" என்று கேட்டார்.

சாமி உடுப்பையும் வேல்கம்பையும் சித்தப்பா மகன் மாடசாமியிடம் எடுத்துக் கொடுத்தார் இவர். அய்யாவின் இடத்தை எடுத்துக் கொடுக்கிறார் என்பது எனக்குத் தெரியும். கொடுத்துவிட்டு வாசலில் ஆட்டுப் பக்கத்தில் போய் உட்கார்ந்தார். அகஸ்டின் அண்ணாச்சியிடம் போகலாமா என்று கேட்டேன். வேண்டாம், வேலைக்கு நேரமாயிற்று என்று பஸ்ஸுக்குப் போய்விட்டார்.

கொடை அன்று அகஸ்டின் அண்ணாச்சி சர்ச்சுக்குப் போட்டுக்கொண்டு போன வெள்ளைப் பேண்ட், தொப்பியோடு நேராக வந்து சேர்ந்தார். கையில் சாயா பிளாஸ்க். அவ்வளவுதான், சாராயம் பிடிக்கிற எக்ஸைஸ்காரன் மப்டியில் வந்துவிட்டான் என்று கூட்டம் கலைய ஆரம்பித்தது. வேலாயுதம் அண்ணாச்சி பாட்டிலை வேட்டிக்குள் சொருகிக்கொண்டு, பூவை எண்ணுகிறவர் மாதிரி மாலைகளைப் புரட்டினார். பிளாஸ்க்கில் என்ன இருக்கிறது என்று ஒருவர் மோந்து பார்த்தார்.

எங்கள் வீட்டுக்காரர் போய் அகஸ்டின் கையைப் பிடித்து முன்னால் கூட்டிக்கொண்டு வந்தார். "பயப்படாதிய. நம்மாளுதான்" என்றார்.

"எந்த ஊர்க்காரரு?" என்று கேட்டார் வேலாயுதம் அண்ணாச்சி.

"அதெல்லாம் கேக்கப்படாது அண்ணாச்சி."

மேளம் ஏறியது. மாடசாமிக்குச் சாமி வந்தது. சின்னப் பையனாக நான் பார்த்தவன், கண் செருகி ஆள் மாறி நின்றான். பாட்டிலை வாங்கி அண்ணாந்து ஊற்றினான். அந்த வாடை நாங்கள் நின்ற இடம் வரை வந்தது. இவருக்கு உள்ளங்காலிலிருந்து நடுக்கம் ஏறுவதைப் பார்த்தேன். தோள் குலுங்கியது, பல் கிட்டியது. சாராயத்துக்குத் தவிக்கிற நடுக்கத்தை அகஸ்டின் அண்ணாச்சி நிறையப் பார்த்திருப்பார். அதுதான் இது என்று நினைத்து இவருடைய வலது கையை இரண்டு கையாலும் இறுகப் பிடித்துக்கொண்டார். அவருக்குச் சாமி வருவது தெரியாது. எனக்கு இரண்டும் தெரியும். தெரிந்தும் அது எந்த நடுக்கம் என்று என்னால் சொல்ல முடியவில்லை.

சாமி ஒவ்வொருவருக்காகத் திருநீறு பூசிக்கொண்டு வந்து இவருக்கு எதிரில் நின்றது. பாட்டிலில் மிச்சம் இருந்தது. சாமி குடித்த மிச்சத்தை வேண்டியவர்களுக்குப் பிரசாதமாக ஒரு வாய் ஊற்றுவது வழக்கம். பாட்டில் இவருடைய உதட்டுக்கு நேராக வந்தது. மேளக்காரர்கள்கூட அடியைத் தணித்தார்கள். என் மகளை இடுப்போடு அணைத்துக்கொண்டேன்.

இவர் சாமியின் முகத்தைப் பார்த்தார். அய்யாவிடம் பேசுகிற குரலில் பேசினார்.

"எனக்கு வேண்டாம் சாமி. நீரு குடியும். நான் பாத்துக்கிட்டு நிக்கேன்."

சாமி பாட்டிலை இடது கைக்கு மாற்றிவிட்டு, வலது கையால் திருநீற்றை அள்ளி இவருடைய நெற்றி முழுவதும் அப்பியது. பக்கத்தில் நின்ற அகஸ்டின் அண்ணாச்சிக்கும் அதே கையால் ஒரு பூச்சு. வேலாயுதம் அண்ணாச்சி குலவை போடச் சொல்லிப் பெண்களைப் பார்த்துக் கையைக் காட்டினார். எனக்குக் குலவை வரவில்லை.

"முத்து என்ன சொன்னார்?" என்று அகஸ்டின் அண்ணாச்சி என்னிடம் ஹிந்தியில் கேட்டார். அதற்கு வேண்டிய ஹிந்தி என்னிடம் இல்லை. தலையை மட்டும் ஆட்டினேன்.

மேளம் மறுபடி ஏறி, சாமியோடு அடுத்த சந்துக்குத் திரும்பியது. ஜனமெல்லாம் பின்னால் ஓடியது. இவர் ஓடவில்லை. நின்ற இடத்திலேயே நின்றார். திருநீறு கண்ணில் விழுந்து கண்ணீராக வழிந்தது, துடைக்கவில்லை. கை அகஸ்டின் அண்ணாச்சியிடம் இருந்தது. கால் இரண்டும் அடிக்கு அடி தப்பாமல் மேளத்துக்கு ஆடிக்கொண்டிருந்தன.